காலணாக் கேள்விகள்

அறிஞர்களின் நேர்காணல்களைத் தொகுத்து வரும் புத்தகங்களுக்குத் தமிழில் இன்று பஞ்சமில்லை. கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த 1991–95 காலத்தில் சுபமங்களா இதழ் வெளியிட்ட நீண்ட நேர்காணல்களுக்குப் பிறகு அது ஒரு தனி எழுத்து வகையாகவே நிலைபெற்றுவிட்டது. அப்படியொரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அட்டையில் இருப்பது விடை சொன்னவரின் முகம். உள்ளே கேள்விகள் ஒற்றை வரியில் தடித்த எழுத்தில் வரும். விடைகள் பக்கக் கணக்கில் ஓடும். கேட்டவர் பெயரைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தேட வேண்டும். கேட்பவர் கதவைத் திறந்துவிடுகிறவர், சரக்கெல்லாம் சொல்பவரிடம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உட்பொருள். வரலாற்றைப் பார்த்தால் இது தலைகீழ் என்றே சொல்லத் தோன்றுகிறது. வரலாறு, கலை, சமயம் பற்றித் தமிழர்கள் நடத்திய உரையாடல்களில் திருப்பங்கள் பலவும் கேள்வியின் பக்கத்தில்தான் நிகழ்ந்திருக்கின்றன. விடை பின்னால் வந்தது, சில சமயம் தப்பாகவும் வந்தது. இதற்குச் சென்னையின் ராயப்பேட்டையைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

கேள்வி பதில் வடிவம் தமிழுக்குப் புதிதா என்று முதலில் பார்த்துவிடலாம். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்து வைத்தார். தெரிந்தே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐய வினா. அப்புறம் கொளல், கொடை, ஏவல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோகிற இந்தப் பட்டியலுக்குள் ஒரு கூரிய கருவி ஒளிந்திருக்கிறது: ஒரு கேள்வியைக் கேட்பவருக்கு விடை ஏற்கெனவே தெரியுமா, தெரியாதா? தமிழ் அச்சு தொடங்கிய காலத்திலேயே, 1579இல் கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ உரையாடல் வடிவில் அமைந்தது; அதில் கேட்பவர் குரு, சொல்பவர் சீடன். ஆறுமுக நாவலரின் ‘சைவ வினாவிடை’ அதே வடிவத்தைச் சைவத்துக்குத் திருப்பிக்கொண்டது. இரண்டிலும் கேள்வியும் விடையும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. நன்னூல் கணக்கில் அவ்வளவும் அறிவினா. எனவே, வினாவிடை நமக்குப் பழசுதானே, ராயப்பேட்டையில் புதிதாக என்ன நடந்துவிட்டது என்று யாராவது கேட்டால் வடிவம் பழசுதான் என்று ஒப்புக்கொண்டு விடலாம். கேட்கிறவர் மாறினார் என்பதுதான் இங்கே விஷயம். விடை தெரியாதவர், முகவரி உள்ளவர், பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றவர் அச்சுக்குள் வந்தார்.

அறியா வினாவின் வலிமைக்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார் உ.வே. சாமிநாதையர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று பெரிய பட்டியல் ஒன்று வந்தது. முதலியார் அசரவில்லை. சிந்தாமணி உண்டா, மணிமேகலை உண்டா என்று அவர் மேலும் கேட்டதுதான் ஐயரின் வாழ்க்கைத் தடத்தையே மாற்றியது. அதன் பிறகு ஐயர் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. விடை சொல்லிப் பழகிய வித்துவான், கேட்பவராக மாறினார். சீவக சிந்தாமணியில் புரியாத இடங்களைக் கும்பகோணத்துச் சைனர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டார். அவர்களுக்கு அது தினசரி சமய வழக்கம். கல்லூரித் தமிழாசிரியருக்கோ அது இருட்டு. மணிமேகலையின் பௌத்தக் கருத்துகளுக்கு மளூர் ரங்காசாரியரைக் கேட்டார். 1887இல் சிந்தாமணியும் 1898இல் மணிமேகலையும் அச்சில் வந்ததற்குப் பின்னால் இந்தக் கேள்விகள் நிற்கின்றன. பதிப்பாசிரியரின் பெருமையை இது குறைக்காது. கேட்கத் தெரிந்ததுதான் அவருடைய முதல் தகுதி.

மணிமேகலை அச்சான அதே 1898இல் ராயப்பேட்டையில் வேறொரு காரியம் நடந்தது. சித்த வைத்தியரும் தமிழ்ப் புலவருமான அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். இதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே ஒரு கேள்வியை அவர் பொதுமேடையில் வைத்திருந்தார். 1892இல் சென்னையில் கூடிய மகாஜன சபையில், ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிவன், விஷ்ணு கோயில்களில் ஏன் இடமில்லை என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பிரதிநிதி எழுந்து, உங்களுக்கென்று மதுரை வீரன், காட்டேரி முதலான தெய்வங்கள் இருக்கின்றனவே என்று பதில் சொன்னதாகப் பண்டிதரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நன்னூலின் எட்டு விடைகளில் அந்தப் பதிலை எங்கே வைப்பது? கேட்டதற்கு நேராகச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லி மறுப்பது இனமொழி விடை. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், படிப்பும் நிலமும் கொடுங்கள் என்று பண்டிதர் திரும்பினார். ஒரு கேள்வி மேடையில் தோற்றுப்போகலாம். ஆனால் கேட்டவர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். ராயப்பேட்டையில் பதினைந்து ஆண்டுகள் கழித்து முளைத்தது அந்தக் கேள்விதான்.

1907 ஜூன் 19, புதன்கிழமை, ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், வாரம் ஒருமுறை, விலை காலணா. விலையையே பெயராக வைத்த பத்திரிகை தமிழில் அபூர்வம். இந்த இதழை வாங்க நீ யாராகவும் இருக்க வேண்டியதில்லை, காலணா இருந்தால் போதும் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. ஓராண்டு கழித்து வாசகர்கள் வேண்டிக்கொண்டதன் பேரில் ‘ஒரு பைசா’ உதிர்ந்து, 1908 ஆகஸ்ட் 26 முதல் வெறும் ‘தமிழன்’ ஆனது. பத்திரிகையின் பெயரையே மாற்றும் அளவுக்கு அதன் வாசகர்களுக்குக் குரல் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், கீழே ஒரு ஆட்சேபத்துக்கு இது உதவும். அந்த வாசகர்கள் ராயப்பேட்டைக்காரர்கள் மட்டும் அல்லர். கோலார் தங்கவயலின் மாரிகுப்பம், சாம்பியன் ரீப் குடியிருப்புகள், பெங்களூர், ஹூப்ளி, செகந்திராபாத், கடல் தாண்டி ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று பிழைக்கப் போன இடங்களிலெல்லாம் இருந்தார்கள். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், ரயில்வேயிலும் பட்டாளத்திலும் இருந்தவர்கள், வெள்ளைக்காரர் வீடுகளில் பணி பார்த்தவர்கள். ஊரைவிட்டு வந்ததால் ஊர் சொன்ன விடைகளை விட்டுத் தள்ளி நின்று பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருந்தது.

அவர்கள் கேட்டவை சங்கைகள். ஐயம் என்பதற்கு அக்காலத்தில் புழங்கிய சொல் அது. சந்தேகம் என்றால் ஆளின் மேல் விழும் நிழல். சங்கை என்றால் பொருளின் மேல் விழும் நிழல் என்று வித்தியாசம் சொல்லத் தோன்றுகிறது. தீபாவளி எப்படி வந்தது, விபூதி ஏன் பூசுகிறோம், அம்மன் யார், நந்தன் கதை நிஜமா, வள்ளுவர் யார் வயிற்றில் பிறந்தவர், நம்மைக் குறிக்கும் இந்தச் சாதிப் பெயர் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது: இந்த வட்டத்தில்தான் ‘தமிழன்’ சுற்றிச் சுற்றி வந்தது. பண்டிதரின் ‘இந்திரர் தேச சரித்திரம்’ அதில்தான் தொடராக வந்தது. புத்தரின் ஆதிவேதம், திருக்குறள் உரை ஆகியவையும் அப்படியே. தாது வருஷத்துப் பஞ்சம் போனதும், ரயில் வந்ததும், பள்ளிக்கூடம் திறந்ததும் சரித்திரம் என்று அன்றைய பாடப்புத்தகங்கள் நினைத்தன. மன்னர்களும் கவர்னர்களும் இல்லாத ஒரு சரித்திரத்தைக் கோலாரிலிருந்து ஒருவர் கடிதம் போட்டுக் கேட்கலாம் என்பது அன்று யாரும் யோசிக்காத காரியம். தான் பிறந்த நாளிலிருந்து தன் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சொல்லைக் காட்டி, இது எப்போது, யாரால், எதற்காக என்று கேட்பது வரலாற்றாசிரியனின் கேள்விதான். இடம், காலம், காரணம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. தெய்வச் செயல், பூர்வ ஜென்ம வினை என்கிற விடைகளுக்கு அதில் இடமே கிடையாது. கேள்வியின் அமைப்பே அவற்றை வெளியே தள்ளிவிடுகிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். எந்தக் கடிதத்தைப் போடுவது என்று முடிவு செய்தவர் ஆசிரியர். சில கேள்விகளை அவரே எழுதிக்கொண்டிருக்கவும் கூடும். கேட்டவர்களும் பெரும்பாலும் அவர் கட்சிக்காரர்கள். ஆகவே இதுவும் வேறு உடையில் வந்த அறிவினாதானே? ஆசிரியர் தேர்வு இல்லாத பத்திரிகை எந்த நாட்டிலும் கிடையாது என்பதால் முதல் பகுதியை ஏற்றுக்கொண்டு நகரலாம். ஆனால் கட்சிக்காரர் கேள்வி உண்மைக் கேள்வி ஆகாது என்பதை ஏற்க முடியவில்லை. ஒரு புது நம்பிக்கைக்குள் நுழைந்தவருக்குத்தான் சங்கைகள் அதிகம். நேற்றுவரை கொண்டாடிய பண்டிகையை இன்று என்ன செய்வது, சாமி கும்பிட்ட பாட்டிக்கு என்ன சொல்வது என்ற சிக்கல் எதிரிக்கு வராது, உள்ளே வந்தவருக்குத்தான் வரும். ஆசிரியர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய கூட்டமும் அல்ல அது. இதழின் பெயரையே மாற்றச் சொன்னவர்கள் என்பதை மேலே பார்த்தோம். சமூகத்தை எந்தப் பெயரால் அழைப்பது என்பதிலேயே அன்றைய சென்னையில் ஒத்த கருத்து இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்கு, இழிவென்று பிறர் வீசிய சாதிப் பெயரையே கொடியாக ஏற்றி ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். அயோத்திதாசரோ அந்தப் பெயரே எதிரிகள் சூட்டியது என்று மறுத்து, சாதிபேதமற்ற திராவிடர், பூர்வத் தமிழர் என்ற பெயர்களை முன்வைத்தார். இந்தச் சர்ச்சைக்கு நடுவே எழுந்த கேள்விகளைச் சொல்லி வைத்த கேள்விகள் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பண்டிதரின் விடைகளை நம்ப முடியுமா? நேராகச் சொல்லிவிடுவது நல்லது: நிறைய இடங்களில் முடியாது. தீபாவளியைத் தீபவதி என்ற நதியோடும் எள் நெய் கண்டுபிடித்ததோடும் முடிச்சுப் போடுகிறார். வள்ளுவரைக் கச்சன் என்ற அரசனுக்கும் உபகேசிக்கும் பிறந்தவர் என்கிறார். திருக்குறள் என்பதைத் திரிபிடகத்தோடு சேர்த்துத் திரிக்குறள் என்று எழுதுகிறார். ஒரு உயிர்க்குறியை மாற்றி ஒரு நூலின் சமயத்தையே மாற்றிவிடும் துணிச்சல் அது. மொழியியல் தெரிந்தவர் யாரும் இந்தச் சொற்பிறப்புகளை ஏற்கமாட்டார். சான்றாக அவர் தரும் பாடல்களில் சில, வேறு எந்த ஏட்டிலும் கிடைக்காதவை. ஆனால் அந்த ஏட்டுச் சுவடிகளோடு அவருக்கிருந்த உறவு கற்பனையாகச் சொன்னது அல்ல என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தம் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பணியில் இருந்தவர் என்றும், பாட்டனார் கொடுத்த குறள் ஏடு எல்லிஸ் துரை கைக்குப் போனது என்றும் அயோத்திதாசர் பதிவு செய்கிறார். குறள் அச்சான வரலாற்றைப் பேசுபவர்கள் இன்று இதைக் குறிப்பிடாமல் போவதில்லை. ஏட்டைக் கொடுத்த குடும்பத்தின் பேரன், அந்த நூலுக்கு உரை சொல்லும் உரிமையும் தனக்கு உண்டு என்று நினைத்ததில் வியப்பு இல்லை.

அப்படியே விடைகள் பிழை என்றாலும், விடை தவறினால் கேள்வியும் வீண் என்று ஆகிவிடாது. தமிழகத்துப் பௌத்தம் எங்கே போயிற்று, சிறுதெய்வக் கோயில்களுக்கும் பண்டிகைகளுக்கும் கீழே எந்தச் சமயத்தின் மிச்சம் கிடக்கிறது, தீண்டாமைக்கு ஒரு தொடக்கக் காலம் உண்டா என்பவை ‘தமிழன்’ பக்கங்களில் அச்சேறிய கேள்விகள். அவற்றில் முதலாவதை மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் நிதானமாக எடுத்து ஆராய்ந்தார். மூன்றாவதை அம்பேத்கர் 1948இல் ஒரு முழு நூலாக எழுதினார். தீண்டப்படாதவர்கள் முன்பு பௌத்தர்களாக இருந்தவர்கள் என்பது அவருடைய துணிபு. இவர்கள் ‘தமிழன்’ படித்துவிட்டுத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காலணா இதழில் கேட்கப்பட்டது நாற்பது ஆண்டு கழித்தும் அறிஞர்கள் மேசையில் தீராத கேள்வியாகவே இருந்தது என்கிறேன். ஒரு கேள்வி நல்ல கேள்வி என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? உரைகல்லில் உரசிப் பார்க்கும்போது பித்தளை என்று தெரிந்த விடைகள் பல. கல் மட்டும் நல்ல கல்.

அதே பேட்டையில், அதே ஆண்டுகளில் உரையாடலின் இன்னொரு வகையும் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் கண்டனம். வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற வழக்கு நாவலர் காலத்தில் மூண்டு, யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை காலத்தில் மறுபடி கொழுந்துவிட்டு நீதிமன்றம் வரை போனது. பிள்ளையவர்கள் ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர். அவருடைய மாணவர் திரு.வி.க., அந்த வழக்கில் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய்த் தேர்வையே விட்டவர். கண்டனத்திலும் கேள்விகள் உண்டு. ஆனால் அவை எதிராளியை மடக்கும் கேள்விகள். பதில் வந்துவிட்டால் கேட்டவருக்குத்தான் நஷ்டம். இந்த இரண்டு வகைக்கும் நடுவில் திரு.வி.க.வின் வாழ்க்கை ஒரு பாலம்போல் நீளுகிறது. சிறு வயதில் முடங்கிய அவர் கைகால்களைக் குணப்படுத்தியவர் அயோத்திதாசர் என்று அவரே வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு எழுதுகிறார். அந்தப் பையன்தான் வளர்ந்து கதிரைவேற்பிள்ளையின் சீடராகி, லட்சுமி நரசுவும் சிங்காரவேலரும் பேசிய பௌத்தக் கூட்டங்களுக்கு எதிர்ப்பு மனத்தோடு போனார். பிறகு அதே சிங்காரவேலரிடம் டார்வின் கொள்கையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவரும் அவர்தான். மடக்கப் போன வாலிபன் கேட்க உட்கார்ந்தான். அவர் பின்னாளில் சமயம், தொழிற்சங்கம், பெண் விடுதலை என்று எதை எழுதினாலும் எதிர்த்தரப்பை அமைதியாகக் கேட்டுக்கொள்ளும் அந்த நடை எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்கள், ராயப்பேட்டையின் இந்த இரு பள்ளிகளையும் பார்க்க வேண்டும். தென்றல் என்று பட்டம் கொடுத்து நிறுத்திக்கொள்வது போதாது.

ராயப்பேட்டையில் அறிஞர் உரையாடல் என்றால் மியூசிக் அகாடமியைச் சொல்லாமல் எப்படி என்று சங்கீத ரசிகர்கள் கோபிக்கக்கூடும். நியாயம்தான். 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டிப் பிறந்து 1928இல் தொடங்கப்பட்ட அகாடமி, 1962இல் மவுபரீஸ் சாலையில், இன்றைய டி.டி.கே. சாலையில், தன் அரங்கத்தைத் திறந்தது. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே, டிசம்பர் காலைகளில் வித்துவான்கள் குழு கூடி ஒவ்வொரு ராகத்தின் லட்சணத்தையும் விவாதிக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. 1930 முதல் வந்த அதன் சஞ்சிகையில் அந்த விவாதங்களும் பதிவாயின. ஏட்டில் ஒன்று இருக்க, பாடுபவர் தொண்டையில் வேறொன்று இருக்க, எதை லட்சணம் என்பது என்று பெரிய வித்துவான்களும் அங்கே ஐய வினா எழுப்பினார்கள். தமிழ்நாட்டுக் கலை வரலாற்றில் அது பொன்னான பதிவு. ஒரே ஒரு வேறுபாடு: அங்கே கேட்டவரும் சொன்னவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள். ராகம் பற்றிக் கேட்க ராகம் தெரிந்திருக்க வேண்டும். ‘தமிழன்’ கேள்விக்குக் காலணாவும் தபால் செலவும் போதும். முதலாவது வகை உரையாடல் ஒரு துறையைச் செப்பனிடும்; இரண்டாவது வகை, இது ஒரு துறைதானா, இதை யார் வகுத்தது என்று அடித்தளத்தையே தட்டிப் பார்க்கும். இரண்டும் வேண்டும் என்று சொல்லி நழுவுவது சுலபம். ஆனால் முதல் வகைக்கு அரங்கம், ஆண்டுமலர், அறக்கட்டளை எல்லாம் அமைந்தன. இரண்டாவது வகையின் பழைய தாள்களைத் தேடித் தொகுக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிடத் தொடங்கியது.

அந்தத் தாள்கள் அதுவரை தப்பிப் பிழைத்த வழியும் கேள்வி கேட்டவர்கள் வழிதான். 1914 மே 5 அன்று பண்டிதர் காலமானார். மகன் பட்டாபிராமன் சில காலம் இதழை நடத்தினார், பிறகு அது நின்றது. 1926இல் ‘தமிழன்’ மறுபடி வெளிவந்தபோது முகவரி ராயப்பேட்டை அல்ல, கோலார் தங்கவயல், ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டு வைத்திருந்ததும் சாம்பியன் ரீப்பில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை. இருபது ஆண்டுகளுக்கு முன்னால் சுரங்கக் குடியிருப்புகளிலிருந்து ராயப்பேட்டைக்குக் கடிதங்கள் வந்த அதே தபால் பாதையில், இப்போது இதழ் எதிர்த்திசையில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது.